துடைக்கக் கூடாத சேறு

ஓசூர்
12.02.2025

முனிசாமி அண்ணாவுக்கு,

மாதேஸ்வரி எழுதுகிறேன். போனை அணைத்து வைத்துவிட்டீர்கள். பதினான்கு நாளாக ஒரே பெண்குரல்தான் எனக்குப் பதில் சொல்கிறது. அவள் இப்போது எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். மேகலாவிடம் கேட்டு உங்கள் விலாசத்தை வாங்கினேன். உங்களைவிட உங்கள் மகள் தேவலை, நம் கம்பெனி அசெம்பிளி லைனில் இருந்து எழுந்து வந்து எழுதிக் கொடுத்தாள். "அப்பா யாரோடவும் பேசறதில்லக்கா, கடல போட்ட கல்லக்காட்டுலயே உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள்.

கோவிந்தப்பன் சாருக்கு வலது கண் போய்விட்டது. பெங்களூரில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை. இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நீங்கள் அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி வெடித்ததைப் பற்றிக் கம்பெனியில் விசாரணைக் குழு என்று மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, நவம்பரில் நாம் செய்த சேற்றுச் சோதனையின் பதிவேட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். ஆறு துப்பாக்கி, ஒவ்வொன்றையும் எட்டுத் தடவை தொட்டியில் முக்கி எடுத்துச் சுட்டது. சுட்டவர்: முனிசாமி. தடங்கல்: இல்லை. நாற்பத்தெட்டு வரியிலும் என் கையெழுத்து. மேனேஜர் அதை எல்லாருக்கும் திருப்பிக் காட்டி, "மாதேஸ்வரி மேடம் எழுதினா எழுதினதுதான். நாப்பத்தெட்டு முக்கல்ல ஒருக்கா கூட நிக்கல. அப்ப தப்பு துப்பாக்கி மேல இல்ல, புடிச்ச ஆள் மேல" என்றார். ஆறு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சேறு அடைத்து, குண்டறையை மூட வேண்டிய போல்ட் மூடாமல் நின்றிருக்கிறது, அதைக் கோவிந்தப்பன் சார் உள்ளங்கையால் அடித்து மூடப் பார்த்திருக்கிறார், அதனால்தான் வெடித்தது என்று எழுதப் போகிறார்கள். போலீஸ் அதிகாரிகள் முன்னால் சேற்றில் முக்கிச் சுட்டுக் காட்டும்போது நடந்ததால் சீக்கிரம் முடித்துவிட அவசரம். அவர் வேலையும் போகும், பதினேழு வருஷப் பட்டாளப் பெயரும் போகும். இதே மாடல் துப்பாக்கி நாற்பது, மார்ச் 21 அன்று போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்புகிறது.

நாற்பத்தெட்டுத் தடவையும் உங்கள் கையில்தான் சுட்டது. ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லையா? யோசித்து எழுதுங்கள். இதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மாதேஸ்வரி


ஊத்தங்கரை
19.02.2025

மாதேஸ்வரிக்கு முனிசாமி.

கடிதாசு வந்தது. தபால்காரர் டீக்கடை முன்னால் நின்று, "முனிசாமிக்கு ஓசூர்ல இருந்து யாரோ பொம்பள எழுதியிருக்கா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். என் வீட்டுக்காரி இரண்டு நாளாகக் குழம்பில் உப்புப் போடவில்லை. இனி எழுதுவதானால் உறையின் மேல் கம்பெனி பெயரைப் போடு. எழுதாமலே இருந்தால் இன்னும் நல்லது.

நான் வந்ததற்கும் அங்கே நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. முழங்கால் வலி. நாம் சுடுகிற கல்குவாரிப் பள்ளத்தில் தினம் நாலு தடவை இறங்கி ஏறினால் தெரியும் உனக்கு. நீ மேலே ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள்.

கோவிந்தப்பன் பட்டாளத்துக்காரன் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொள்வான். எதையும் சட்டப்படி செய்வேன் என்பான். ஆனால் டிபன் பாக்ஸைக்கூட அடித்துத்தான் மூடுவான், நீயே பார்த்திருக்கிறாய். துப்பாக்கியை மட்டும் பூப்போல மூடியிருப்பானா?

ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். பிடிக்கவில்லை. என் கைராசி கம்பெனிக்கே தெரிந்தது. புதுத் துப்பாக்கி வந்தால் தேங்காய் உடைத்து, "மொத குண்டு முனிசாமிண்ணா போடட்டும்" என்று கூப்பிட்டது உங்கள் மேனேஜர்தான். நானாகப் போய் நிற்கவில்லை. அன்றைக்கும் நான்தான் சுடுவதாக இருந்தது. வந்த அதிகாரி முன்னாள் ராணுவத்தார் யாராவது சுடட்டும் என்றார், அவன் போய் நின்றான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் பூட்டுப் பெட்டியில் இருக்கிற சாப்பாட்டுக் கேரியரைக் கருப்பாயியிடம் கொடுத்துவிடு. பெருக்குகிற வேலைக்கு அவள் இலையில் கட்டிக்கொண்டு வருகிறாள்.

வலது கண்தானா? முழுசாகப் போய்விட்டதா, வெளிச்சமாவது தெரிகிறதா? டாக்டர்கள் முதலில் அப்படித்தான் பயம் காட்டுவார்கள். வலது கண்தானா என்று மட்டும் எழுது.

முனிசாமி


ஓசூர்
26.02.2025

அண்ணா,

வலது கண்தான். முழுசாகத்தான். வெளிச்சம் தெரியாது.

கேரியரைக் கருப்பாயியிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததா என்று அவளே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தப்பன் சார் வீட்டுக்குப் போயிருந்தேன். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீடு. அவர் மனைவி சென்னம்மா கதவைத் திறந்து, உள்ளே போகச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஏன் வரவில்லை என்று பிறகு புரிந்தது. சார் கட்டிலில் உட்கார்ந்து, வெறுங்கையைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, போல்ட்டை மூடி மூடிக் காட்டுகிறார். ஒரு நாளைக்கு நூறு தடவை. "நல்லா பாரும்மா. நான் அடிக்கிறனா? மூடறன், அவ்ளோதான். இதுக்கு மேல என் கை போகாது. பதினேழு வருசம் இப்படித்தான்" என்கிறார். சென்னம்மாவை எதிரே நிற்க வைத்து, கை அடிக்கிறதா மூடுகிறதா என்று கேட்கிறாராம். அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது, அண்ணா. கண் போனதைக்கூட அவர் இவ்வளவு பேசவில்லை.

பிறகு உங்களை விசாரித்தார். கோபமாகக் கேட்பார் என்று நினைத்தேன். "முனிசாமி எப்டி இருக்கான்? அவனுக்குக் கைராசிம்மா. அன்னைக்கு அவன் சுட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால போனேன்" என்றார்.

என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி மறைத்துப் பேசிப் பலனில்லை. நான் பார்த்தேன். நான்காவது துப்பாக்கி, ஆறாவது முக்கல். கெலவரப்பள்ளி வாய்க்கால் வண்டலைக் கரைத்த அந்தத் தொட்டியில் இருந்து எடுத்த துப்பாக்கியை இரண்டு தடவை உதறலாம், அவ்வளவுதான் விதி. துணி, தண்ணீர், விரல் எதுவும் படக் கூடாது. அந்த ஒரு விதிக்காகத்தான் அந்தச் சோதனையே. நீங்கள் குண்டு நிரப்பிய கூட்டைத் துப்பாக்கியில் மாட்டினீர்கள். மாட்டுகிற போக்கில் உங்கள் கட்டைவிரல் போல்ட் மூடுகிற மூலைக்குப் போய், சேற்றை ஒரே வழியாக வழித்துவிட்டு வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள்தான், ஆனால் பார்வை நன்றாகவே இருக்கிறது.

அதை எழுதியிருந்தால் அந்தத் துப்பாக்கிக்குச் செய்த எல்லா முக்கலும் செல்லாது. முதலில் இருந்து இரண்டு நாள் செய்ய வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. என் மகள் கவிப்ரியாவின் பள்ளியில் ஆண்டுவிழா. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அவள் ஆடி முடித்த பிறகுதான் போய்ச் சேர்வேன். நீங்கள் தெரியாமல் செய்ததாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. 'இல்லை' என்று எழுதி மூடினேன். அவள் ஆடியதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், கைதட்டினேன். இப்போது அந்த வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லி அவள் கேட்டால் போன் சார்ஜ் இல்லை என்கிறேன்.

நான் பார்த்தது ஒரு தடவை. மற்ற நாற்பத்தேழு தடவை?

மாதேஸ்வரி


ஊத்தங்கரை
05.03.2025

தங்கச்சி மாதேஸ்வரிக்கு,

உன் கடிதாசைப் படித்துவிட்டு மூன்று நாள் மடித்து வைத்திருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு அல்ல, அந்தக் கட்டைவிரல்தான் குறுகுறுக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு கல்லக்காட்டில் வேலையும் செய்ய முடியவில்லை.

நாற்பத்தெட்டுத் தடவையும் வழித்தேன். இதற்கு மேல் கேட்காதே என்று எழுத நினைத்தேன். ஆனால் நீ உன் பங்கை எழுதிவிட்டாய். நான் எழுதாமல் இருந்தால் ஆம்பளையா?

எங்கள் அப்பா ஊர்ப் பண்ணைக்காரர் காட்டில் வேலை செய்தவர். மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் அவர்களுடையது. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது மண் ஒரு பொட்டு இருந்தாலும், "மண்ணோட குடுக்கிறியா, நாளைக்கு வராத" என்பார்கள். ஒரு தடவை அப்படி மூன்று நாள் வேலை இல்லாமல் போனது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகுமுன் துடைக்கத் தெரியும். ஊரான் கருவி கையில் அழுக்காக இருந்தால் எனக்கு முதுகில் அடி விழப்போகிற மாதிரி இருக்கும். அம்பத்தொரு வயதிலும் அப்படித்தான். கம்பெனியில் முதல் நாள் சேறு அப்பிய துப்பாக்கியைக் கொடுத்துத் துடைக்கக் கூடாது என்றபோது தலை கேட்டுக்கொண்டது, விரல் கேட்கவில்லை. முதல் தடவை சத்தியமாக எனக்கே தெரியாமல்தான் போனது.

அது நிற்காமல் சுட்டது. மற்றவர்கள் கையில் நின்றது என் கையில் நிற்கவில்லை. கைராசி என்றார்கள். இரண்டு மாதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, ராசியும் இல்லை ஒன்றும் இல்லை, அந்த மூலையில் சேறு தங்குகிறது, அதை நான் எடுத்துவிடுகிறேன் என்று. அன்றைக்கே சொல்லியிருந்தால் டிசைன் சார்கள் மூலையை மாற்றியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தானே என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்?

ஏன் சொல்லவில்லை? இஞ்சினியர் பையன்கள் எழுந்து நின்று, "வாங்க முனிசாமிண்ணா" என்பார்கள். மேனேஜர் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். எங்கள் ஊரில் இன்றைக்கும் என்னை உட்காரச் சொல்லாத வீடுகள் உண்டு. கைராசி போனால் நான் வெறும் முனிசாமி. அது ஒன்றுதான் காரணம். சொல்லப்போனால் ரொம்பச் சின்னக் காரணம்.

இனி ஒன்று கேட்கிறேன், திட்டாதே. பதிவேடு உன்னுடையது. உன் பேனாவால் நீயே திருத்திக்கொள்ள முடியாதா? என் பெயர் வராமல்? மேகலா அங்கே இருக்கிறாள். என்னால் அவளை வெளியே அனுப்பிவிட்டால் எங்கே போவாள்? ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, போன தீபாவளிக்குத்தான் தன் காசில் தனக்கென்று ஒரு புடவை எடுத்தாள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

முனிசாமி


ஓசூர்
11.03.2025

அண்ணா,

முடியாது. 'சுட்டவர்: முனிசாமி' என்று நாற்பத்தெட்டு வரி எழுதியிருக்கிறேன். அதில் உங்கள் பெயர் வராமல் எப்படித் திருத்துவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. மறைத்த ஒரு வரிக்கே இந்தப் பாடு.

விசாரணை 17-ஆம் தேதி, திங்கட்கிழமை பத்து மணிக்கு முடிகிறது. நான் போய்ச் சொல்லப் போகிறேன். பார்த்தேன், எழுதவில்லை என்று. அவர்கள் மற்ற நாற்பத்தேழைக் கேட்டால் உங்கள் கடிதத்தைக் காட்ட மாட்டேன், அது எனக்கு எழுதியது. நீங்கள் வந்து சொன்னால்தான் உண்டு. நான் ஒருத்தி சொன்னால், கோவிந்தப்பனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். விசாரணை முடிந்த நான்காம் நாள் நாற்பது துப்பாக்கியும் வண்டி ஏறிவிடும். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மழையில் தவழ்ந்து பழகுவார்கள். அவர்களுக்கு உங்கள் கட்டைவிரல் கிடையாது.

மேகலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.  அவள், "வேல போனா போவுதுக்கா, ஓசூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? அப்பா வரணும். வரலன்னா நானே உள்ள போயி சொல்லிடுறேன்" என்றாள்.

முதல் பஸ்ஸிலேயே கிளம்புங்கள். சானமாவுப் பக்கம் யானைக்கூட்டம் இறங்கியிருக்கிறது, நேற்று எங்கள் கம்பெனி பஸ் ஒரு மணி நேரம் நின்றது. யானை மேல் பழி போட்டுவிட்டுத் தாமதமாக வராதீர்கள்.

மாதேஸ்வரி


ஓசூர்
22.03.2025

அண்ணா,

விசாரணை அன்று வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். உள்ளே நாற்பத்தெட்டுத் தடவையும் வழித்ததைச் சொன்ன ஆள்தான். ஆனாலும் வந்தீர்களே, அது போதும். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மேனேஜர் முன்னால் தும்மல் மாதிரி சமாளித்தேன்.

புதன்கிழமை திரும்பவும் சோதனை செய்தார்கள். யாரும் விரல் வைக்கவில்லை. எட்டு முக்கலில் மூன்று தடவை போல்ட் முழுசாக மூடாமல் நின்றது. ஒரு தடவை, மூடாமலே குண்டு வெடிக்கப் பார்த்தது, அன்று நடந்த மாதிரியே. நல்லவேளை, துப்பாக்கியை ஸ்டாண்டில் கட்டி, தூரத்தில் இருந்து கயிறு இழுத்துத்தான் சுட்டார்கள். நாற்பது பெட்டியையும் வண்டியில் ஏற்றாமல் நிறுத்திவிட்டார்கள்.

ரிப்போர்ட் நேற்று வந்தது. கோவிந்தப்பன் சார் மேல் தவறு இல்லை. அந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு சென்னம்மாவைக் கூப்பிட்டு, "வினு, வினு" என்று தெலுங்கில் சொல்லி அவரையும் கேட்க வைத்தார். சார் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னைச் சோதனைப் பிரிவில் இருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டுவிட்டார்கள். தெரிந்தே எழுதாமல் விட்டதற்கு. நியாயம்தான். உங்களைப் பற்றி, 'நடைமுறையின் நோக்கம் புரியாமல், அறியாமையால் செய்தவர்; எச்சரிக்கை போதும்; விரும்பினால் வேறு பிரிவில் திரும்பச் சேரலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். மேகலாவுக்கு ஒன்றும் இல்லை. படித்தவளுக்குத் தண்டனை, உங்களுக்கு மன்னிப்பு. கொஞ்சம்கூட வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று இருக்கிறேன்.

ஒரு தடவை கோவிந்தப்பன் சாரைப் போய்ப் பாருங்கள். உங்களை எதிர்பார்க்கிறார்.

மாதேஸ்வரி


ஊத்தங்கரை
02.04.2025

தங்கச்சி மாதேஸ்வரிக்கு,

யுகாதிக்கு மறுநாள் கோவிந்தப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாவிலை இன்னும் வாடவில்லை. பண்டிகை நாளில் போய் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றுதான் ஒரு நாள் தள்ளிப் போனேன். சென்னம்மா தண்ணீர் கொடுத்தார்கள். கோவிந்தப்பனே என்னை உட்காரச் சொன்னார். விரல் வைத்த கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தெரியாம செஞ்ச. விடு. ரிப்போர்ட்லயே போட்டிருக்கான்" என்றார்.  அவர் சமாதானம் சொல்லச் சொல்ல எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன்.

அப்போது அவர் கேட்டார். "நீ எனக்குப் பின்னாலதான் நின்னிருந்த. ரெண்டாவது குண்டுக்கூடு மாட்டறப்ப சேறு நின்னதைப் பாக்கலியா?"

மாதேஸ்வரி, விசாரணையில் நான் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். உனக்கும் சொல்லவில்லை. பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அந்த மூலையில் சேறு ஒரு விரல் கனத்துக்கு நின்றது. இந்த உலகத்தில் அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான். 'நில்லு கோவிந்தப்பா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிறுத்தினால் ஏன் என்று அத்தனை அதிகாரிகளும் கேட்பார்களே என்று மனசில் வந்தது. இன்னொன்றும் வந்தது. என் இடத்தில் போய் நின்றானே, அவன் கையில் ஒரு தடவை நிற்கட்டுமே, எல்லாரும் பார்க்கட்டுமே என்று வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நிற்கும் என்றுதான் நினைத்தேன், வெடிக்கும் என்று நினைக்கவில்லை. சாமி மேல் சத்தியம். ஆனால் நினைத்திருந்தால் மட்டும் கத்தியிருப்பேனா என்று தினமும் என்னையே கேட்கிறேன். பதில் தெரியவில்லை. அதற்குத்தான் அன்றைக்குச் சாயங்காலமே ஓடி வந்தேன். முழங்காலும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பாத்தேன்" என்று அவரிடம் சொன்னேன். மீதியையும் சொன்னேன்.

 சென்னம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்கள். அவர், "இத அங்க சொன்னியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "அப்ப எதுக்கு என்கிட்ட வந்த? போயி அங்க சொல்லு. சொல்லிட்டு அப்புறமா வா" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் 'அறியாமையால்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்களே, அதை எடுக்கச் சொல்லு. நீ இப்போது ஸ்டோரில் இருந்தாலும் உன் எழுத்தைத்தான் நான் நம்புகிறேன், திருத்தத்தை நீயே எழுதி வை. நான் இங்கே எழுதியதில் ஒரு வரியும் விடாதே, அவன் கையில் நிற்கட்டும் என்று நினைத்ததையும் சேர்த்து எழுது. வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட மட்டும் வருகிறேன்.

அப்புறமா வா என்றுதானே சொன்னார், வராதே என்று சொல்லவில்லையே? அதை நம்பித்தான் பஸ் ஏறுகிறேன்.

முனிசாமி